வெள்ளைத் துணி போர்த்த மரம்

முப்பது வருடம் பாரிஸில் உழைத்த என் கணவர் இராஜதுரைக்குக் கிடைத்த நிலம் ஒரு மரம் நிற்கும் அளவுதான். அதுவும் அவருடைய தம்பி கரிகாலனின் நிலம். நாங்கள் பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஐந்தாம் மாடியில் இருந்தோம். புறநகரான பொண்டியில் கரிகாலன் வீட்டுப் பின்வளவில் அவர் ஓர் அப்ரிகாட் பழமரம் நட்டார். நான்கு வசந்தம் பூக்காமல் நின்ற மரம், அவர் போன அடுத்த வசந்தத்தில் காய்த்தது. ஜூலையில் வரும் முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு அந்தப் பழத்தைப் படைக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

சித்திரை வருடப்பிறப்புக்கு முதல்நாள், கரிகாலனின் பக்கத்து வளவுப் பிரெஞ்சுக்காரி ஆரெலி தொலைபேசியில் கூப்பிட்டாள். இரண்டு நாட்களுக்குப் பனி உறையுமாம். மூடினால் காய் தப்புமாம். அவள் தந்த வெள்ளைத் துணியால் இருவருமாக மரத்தை அடிவரை போர்த்துக் கட்டினோம். கரிகாலன் யன்னலுக்குள் நின்று பார்த்தான். உதவிக்கு வருவான் என்று எதிர்பார்க்க நான் பேதையில்லை.

அண்ணன் செத்து ஆண்டு திரும்பாத வீட்டில் வருடப்பிறப்புக் கொண்டாடுவதில்லை. காய்கறிக் கடைக்காரனான கரிகாலனின் துக்கம் வாடிக்கையாளரின் தரத்தைப் பொறுத்தது. கடைக்கு வரும் பெரிய மனிதர்கள் சிலரை விருந்துக்கு அழைத்திருந்தான். என்னை அழைக்கவில்லை. அன்று காலை துணியை அவிழ்த்துக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டான். அடுத்த விடியலில் மைனஸ் மூன்று.

ஆரெலி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் போய் ஏழு காய் பறித்துக்கொண்டு, லா சப்பலில் இருந்த அவனுடைய கடைக்கு நேரே போனேன்.

“வருசப்பிறப்பண்டு சவம் மாதிரி மூடிக் கட்டி வைச்சா, வாற சனம் என்ன நினைக்கும், அண்ணி?” என்றான். “காய் பச்சையாத்தானே கிடக்கு.”

பிறகு கடையில் நின்றவர்கள் பக்கம் திரும்பி, பனைவடலிக்குள் வளர்ந்த தனக்கு ஒரு வெள்ளைக்காரி மரம் படிப்பிக்கத் தேவையில்லை என்று விளக்கினான். எங்கள் ஊரில் எந்தப் பனை எப்போது உறைந்தது என்று நான் கேட்கவில்லை. முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற இரண்டு பேர் தலையாட்டினார்கள். முட்டாளுக்கு இந்தத் தெருவில் எப்போதும் இரண்டு பேர் கிடைப்பார்கள்.

பூசணி வெட்டும் கத்தியை எடுத்து ஒரு காயைப் பிளந்தேன். வெளியே பச்சை. நடுவில் விதை கறுத்து நீராகிக் கிடந்தது. ஏழையும் பிளந்து அவன் முன்னால் வைத்தேன்.

“ஒண்டெண்டாலும் உயிரோடை இருக்கோ?” என்றேன்.

அவன் கத்தியை வாங்கித் துடைத்தான். “அதுக்கென்ன, பழம் நான் கொண்டுவாறன்.”

கொண்டுவந்தான். ஜூலையில், திவசத்தன்று, ஸ்பெயின் சீட்டு ஒட்டிய ஒரு பெட்டி. அந்த மரத்தில் இவ்வளவு பெரிய பழம் வந்திருக்காது என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னான்.

படையலில் அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறி இருந்தது, வாழைப்பழம் இருந்தது. பெட்டியைக் கொண்டுபோய் என் வீட்டுக் கதவுக்கு வெளியே, கழற்றிவிட்ட செருப்புகளோடு வைத்தேன். பிந்தி வந்தவர்கள் அதைத் தாண்டித்தான் உள்ளே வந்தார்கள்.

சாப்பிட்டு முடித்துப் போகும்போது கரிகாலன் குனிந்து சப்பாத்தைப் போட்டான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான்.

மறுநாள் அது அவன் கடை வாசலில் விலைச்சீட்டோடு இருந்தது.