டீச்சருக்குத் தெரிந்த பறவை

முப்பது வருடமாக லிஃப்ட் பழுது பார்ப்பவர் அவர். நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவிடுக்கு வழியாக, "பதறாதீங்க, நான் வந்துட்டேன்ல" என்று சொல்லியே பாதி வேலையை முடித்துவிடுவார். அந்தச் சாமர்த்தியம் எட்டு மாதமாக வீட்டில் செல்லுபடியாகவில்லை.

மனைவி பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். வீட்டிலும் அவருக்கு அவள் டீச்சர்தான். பக்கவாதம் வந்து வலக்கையையும் பேச்சையும் பறித்துக்கொண்டது. எல்லாம் புரியும், ஆனால் மனதில் இருக்கிற சொல் நாக்குக்கு வருவதற்குள் வேறொன்றாகிவிடும். தண்ணீர் வேண்டுமென்றால் 'செருப்பு' என்பாள். செருப்பு வந்து நின்றதும் தலையில் அடித்துக்கொள்வாள். ஆரம்பத்தில் இரண்டு பேரும் சிரித்தார்கள். போகப்போகச் சிரிப்பு வற்றிவிட்டது.

பண்டிகைக்கு முந்தின நாள் காலை. மகள் குடும்பத்தோடு வருவதால் லீவு போட்டுவிட்டு வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தார். டீச்சர் இடக்கையால் நாற்காலியைப் படபடவென்று தட்டினாள்.

ஜன்னலுக்கு வெளியே, எலுமிச்சை மரத்தடியில் ஒரு பறவை. மைனாவைவிடக் கொஞ்சம் சின்னது. முதுகு பச்சை, அடிவயிற்றில் மிளகாய்ச் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, வால் இருந்தும் இல்லாத மாதிரி குட்டை. சருகைப் புரட்டிப் போட்டுவிட்டு இரண்டு எட்டு தத்தியது. இந்தத் தோட்டத்தில் அப்படியொன்றை அவர் பார்த்ததே இல்லை.

"என்ன பறவை டீச்சர்?"

பழைய பழக்கத்தில் கேட்டுவிட்டார். அவள் முகம் மலர்ந்தது.

"கடிகாரம்."

அவர் சுவரைப் பார்த்தார். "மணி பத்தாகப் போகுது. மாத்திரைக்கு இன்னும் நேரம் இருக்கே."

இல்லை, இல்லை என்று தலையாட்டினாள். பறவையைக் காட்டினாள். "கடி... கடிகாரம்! சாயங்... கடிகாரம்!"

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், அவசரப்படுத்தாமல் காத்திருக்கச் சொல்லியிருந்தாள். காத்திருந்தார். டீச்சரின் கழுத்து நரம்பு புடைத்தது. பறவை காத்திருக்குமா? தோட்டத்துக்கு வந்த பறவைகளை அவள் தேதி போட்டு எழுதிவைத்த நோட்டை எடுத்துவந்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். ஒவ்வொன்றுக்கும் இல்லையென்று தலையாட்டினாள். கடைசிப் பக்கத்தில்தான் அவர் மண்டையில் உறைத்தது: இதுவரை வராத பறவை நோட்டில் எப்படி இருக்கும்?

படமாவது எடுப்போம் என்று செல்போனோடு ஜன்னலைத் திறந்தார். கொக்கி கிறீச்சிட்டது. பச்சையாக ஏதோ பளிச்சென்று வேலியைத் தாண்டியது, அவ்வளவுதான்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது தேவலை.

மகளுக்குப் போன் போட்டு நிறத்தையெல்லாம் சொன்னார். அவள் தேடிப்பார்த்துவிட்டு ஒரு படம் அனுப்பினாள். அதேதான்.

"ஆறுமணிக்குருவிப்பா. காலைலயும் சாயங்காலமும் ஆறு மணி வாக்குல கத்துமாம், அதான் அந்தப் பேரு. அம்மா ரொம்ப நாளா பாக்கணும்னு சொல்லிட்டிருந்த பறவை. உங்ககிட்ட சொன்னதில்ல?"

சொல்லியிருப்பாள். அவர் எந்த லிஃப்டையோ நினைத்துக்கொண்டு 'ம்' கொட்டியிருப்பார்.

போனை வைத்துவிட்டு அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "நீ சரியாத்தான் சொல்லியிருக்க. எனக்குத்தான் வெளங்கல. ஆறுமணிக்குருவி. அதானே?"

வேகமாகத் தலையாட்டினாள். அத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம். ஆசை யாரை விட்டது?

"எங்க, நீ ஒருதடவ சொல்லு."

உதடு குவிந்தது. "ஆ..." என்று வந்தது. அவர் இன்னும் கிட்ட நகர்ந்தார்.

"செருப்பு," என்றாள்.

அவள் கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கப் போனார். கையைத் தட்டிவிட்டாள். இடக்கையால் தானே இரண்டு கன்னத்தையும் துடைத்துக்கொண்டாள்.

மாலையில் மகள் வந்தாள். பேரப்பிள்ளைகள் வீட்டைத் தலைகீழாக்கினார்கள். "பாட்டி, குருவி வந்துச்சாமே! பேரு என்ன பாட்டி?" என்று சின்னவள் மடியைப் பிடித்து உலுக்கினாள். டீச்சர் சிரித்த முகமாகவே குழந்தையின் தலையைத் தடவிக்கொடுத்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை.

சமையலறை வாசலில் நின்ற அவருக்கு, குழந்தையை அந்தப் பக்கம் கூப்பிடுவதா, பதிலைத் தானே சொல்லிவிடுவதா என்று தெரியவில்லை. எதைச் செய்தாலும் அவளுக்கு வலிக்கும்போல இருந்தது. கையில் துடைக்கிற துணியோடு அப்படியே நின்றார்.