லொரெட்டா முன்பக்கம் பார்த்து உட்கார்ந்த கதை

வியாழக்கிழமை காலையிலேயே லொரெட்டா வில்கஸ் சிவப்புத் தொப்பியோடு தன் வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டாள். தொப்பியில் ஒரு சேவல் இறகு, அவள் கோழிப்பண்ணை உபயம். தொப்பியைத் தேர்தலுக்கு வெகு முன்னால், ஆகஸ்டிலேயே வாங்கிவிட்டாள் என்பது தெருவுக்கே தெரியும். எனக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரிந்த மாதிரிதான்.

எங்கள் ஜார்ஜ்டவுனில் தேர்தல் செவ்வாயோடு முடிந்துவிடாது. வியாழனன்று ஜெயித்தவரும் தோற்றவரும் ஒரே குதிரை வண்டியில் ஏறி, நீதிமன்ற வட்டச் சாலையைச் சுற்றி வரவேண்டும். ஜெயித்தவருக்கு முன்பக்கம் பார்த்த இருக்கை. தோற்றவருக்கு எதிர் இருக்கை, பின்பக்கம் பார்த்து. அப்புறம் இரு கட்சிக்காரர்களும் சேர்ந்து ஒரு கோடரியை மணலில் புதைத்துப் பகையை முடித்துக்கொள்வார்கள். ஊருக்கே இலவசமாக, தீயில் வாட்டிய மாட்டுக்கறி வைத்த ரொட்டி. பகை முடிகிறதோ இல்லையோ, ரொட்டி முடிந்துவிடும்.

மாநிலச் சட்டசபைக்கு லொரெட்டா இதற்கு முன் நின்றது மூன்று முறை. மூன்று முறையும் பின்பக்கம் பார்த்தே ஊர்வலம் வந்தாள். "வண்டி போற திசையை ஒரு தடவையாவது பாத்துட்டுத்தான் நான் கண்ணை மூடுவேன்" என்று தேவாலயத்தில் சபதமே போட்டிருந்தாள்.

இந்த முறை ஒரு வேடிக்கை. பழைய உறுப்பினர் புது மனைவியோடு ஃபுளோரிடாவுக்குக் குடிபோய்விட்டார். அவர் விட்டுப்போன இரண்டு மாதத்துக்கு ஒரு இடைத்தேர்தல், வரப்போகும் இரண்டு வருடத்துக்கு வழக்கமான தேர்தல். இரண்டும் ஒரே நாள், வாக்கு இயந்திரத்தில் ஒரே திரை, மேலே இடைத்தேர்தல், கீழே வழக்கமானது. இரண்டிலும் அதே இருவர்: லொரெட்டாவும், அவளோடு பள்ளியில் படித்த, நிலம் விற்கும் ஹார்லன் ட்ரூயிட்டும்.

லொரெட்டா வீடு வீடாகப் பீச் பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரத்தைச் சுமந்துகொண்டு போனாள். "திரையில மொத வரியிலயே என் பேரு இருக்கும். தொட்டீங்களா, வேலை முடிஞ்சுது. வீட்டுக்கு வந்து பை சாப்பிடுங்க!"

சொல் தட்டாத ஜனங்கள். முதல் வரியைத் தொட்டார்கள், வீட்டுக்குப் போய்ப் பை சாப்பிட்டார்கள்.

அவள் கூடப்பிறந்த மேவிஸ் கேட்டாளே ஒரு கேள்வி: "கீழயும் உன் பேரு வந்துச்சுடி. மிஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சு ரெண்டாம் தடவை காட்டுதுன்னு நெனச்சு விட்டுட்டேன். தப்பா?"

ஆக, இரண்டு மாதம் லொரெட்டாவுக்கு. இரண்டு வருடம் ஹார்லனுக்கு. இரண்டு பேரும் ஜெயித்தார்கள், இரண்டு பேரும் தோற்றார்கள். வண்டியில் முன்பக்கம் பார்த்த இருக்கை ஒன்றுதான்.

வியாழனன்று வண்டிகள் புறப்படும் இடத்தில் போய்ப் பார்த்தால் (சும்மா அந்தப் பக்கமாகப் போனேன்) ஹார்லன் ஏற்கெனவே அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தான்.

"எந்திரி ஹார்லன், அது என் எடம்."

"ரெண்டு வருசம் பெருசா, ரெண்டு மாசம் பெருசா? கோழிக்குக் கணக்கு வராது, உனக்குமா?"

"மொத வரி என்னோடது!"

"அதையேதான் ஊரெல்லாம் சொன்னே. நன்றிம்மா தாயே."

ஊர்வலக் கமிட்டித் தலைவி யூனிஸம்மா கைத்தடியோடு வந்தார். அவரிடம் நீதிபதியே வாய் திறக்கமாட்டார். "இன்னைக்குத் தேதிக்கு உறுப்பினர் யாரு? லொரெட்டா. ஹார்லன், உன் ரெண்டு வருசம் ஜனவரியிலதான் பொறக்குது. அதுவரைக்கும் நீ தோத்தவன். மாறி உக்காருப்பா."

ஹார்லன் முணுமுணுத்துக்கொண்டே மாறினான். லொரெட்டா ராணி மாதிரி ஏறி உட்கார்ந்து இறகைச் சரிசெய்துகொண்டாள். பேண்டு வாத்தியம் முழங்கியது. வண்டி நகர்ந்தது.

நானும் ஓரமாக, ரொட்டியும் கையுமாகக் கூடவே நடந்தேன். லொரெட்டாவின் முகத்தைத்தான் பார்த்தேன். முதலில் நிலா மாதிரி இருந்தது. கொஞ்ச தூரத்தில் தேய ஆரம்பித்தது.

ஏனென்றால் முன்பக்கம் பார்த்தால் ஹார்லனுக்குப் பின்னால் தெரிவது வண்டிக்காரர் முதுகு. முதுகைத் தாண்டினால் குதிரையின் பின்புறம். அந்தக் குதிரையும் சும்மா இல்லை; வாலைத் தூக்கி, வந்த வேலையைச் செய்துவிட்டது. ஜனங்களோ வண்டி தங்களைக் கடந்த பிறகுதான் விழித்துக்கொண்டு கத்தினார்கள், கையை ஆட்டினார்கள், மிட்டாய் வீசினார்கள். அத்தனையும் ஹார்லனுக்கு.

"ஹார்லன்! ஹார்லன்!"

அவன் இரண்டு கையாலும் முத்தம் வீசிக்கொண்டிருந்தான். "அடிப்பாவி லொரெட்டா, மூணு தடவையும் இந்தச் சொகத்தை அனுபவிச்சுட்டா அழுதுக்கிட்டுத் திரிஞ்சே?"

"எடம் மாத்துடா."

"முடியாது. தோத்தவன் எடம் இது. யூனிஸம்மா தீர்ப்பு."

"குதிரை மறுபடியும் வாலைத் தூக்குதுடா, நகரு!"

ஓடுகிற வண்டியிலேயே எழுந்து, பாவாடையைச் சுருட்டிக்கொண்டு தாவினாள். பாதி ஹார்லன் மடியிலும் பாதி இருக்கையிலுமாக விழுந்தாள். இறகு அவன் மூக்கில் நுழைந்தது. அவன் தும்மிய தும்மலில் தொப்பி பறந்து கூட்டத்துக்குள் விழுந்தது. லொரெட்டா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அவனும் சிரித்தான். இருவரும் இடித்துக்கொண்டு நான்கு கைகளையும் ஆட்டினார்கள்.

முன்பக்கம் பார்த்த இருக்கை காலியாக ஊர்வலம் போனது.

"ஏய்!" நீதிமன்றப் படியிலிருந்து யூனிஸம்மா தடியை ஓங்கினார். "இந்த ஊர்ல ஜெயிச்சவங்க ஒருத்தர்கூட இல்லையா?"

"நாங்க ரெண்டு பேருந்தான்!" என்று கத்தினாள் லொரெட்டா, பின்பக்கம் பார்த்தபடியே.