தையல் மிஷின் இல்லாத தையல்காரி

வங்கி அதிகாரி சிங்கவரத்துக்கே வந்து, தையல் மிஷின் எங்கே என்று கேட்டார். நான் எங்கே போவேன்? என் வீட்டில் இருப்பதெல்லாம் சலங்கை, ஜிகினாப் பாவாடைகள், ரெண்டு சவுரி. ஊசி நூல் வேண்டுமென்றால்கூட பக்கத்து வீட்டுக்குத்தான் ஓடுவேன். அவர் என் கடன் விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பைக்கைக் கிளப்பிப் போய்விட்டார்.

நான் கலைமதி. திருவிழாக்களில் ரெக்கார்டு டான்ஸ் ஆடுகிறேன். அடுத்தவர் ட்ரூப்பில் ஆடி, அவர் கொடுக்கிறதை வாங்கிக்கொண்டு வந்தது போதும், சொந்தமாக ட்ரூப் வைக்கலாம் என்று ஆசை. அதற்கு ஸ்பீக்கர் ஏற்ற ஒரு சின்ன யானை வேண்டும், ஊரில் ஓடுகிற குட்டி லோடு வண்டியைத்தான் சொல்கிறேன். வண்டிக்குக் கடன் வேண்டும். கடனுக்கு வருமான வரிக் கணக்கு வேண்டும். போன வருஷம் அதைப் போட்டுக் கொடுத்த ஆடிட்டர் கோதண்டராமன் பெரிய மனசு பண்ணி, என் தொழிலைத் தையல் என்று எழுதிவிட்டார்.

அதனால் இந்த வருஷம் கணக்குப் போடும் கடைசி நாளில் அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரே அறைதான் அவர் ஆபீஸ். அவர் மனைவி ஆண்டாள் அக்கா மூலையில் பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பெஞ்சில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மண்டிக்காரர் ஒருவர். அவர் வருமானத்தைக் குறைத்துக் காட்ட வந்தவர். கூட்டிக் காட்டச் சொல்லி வந்தவள் நான் ஒருத்திதான்.

"தொழிலு இன்னான்னு போடட்டும்?"

"டான்ஸுன்னு போடுங்க சார்."

கோதண்டராமன் பெஞ்சைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மெதுவா பேசும்மா. போன வருஷம் மாதிரியே தையல்னு போட்டுடலாம். மரியாதையா இருக்கும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அந்த மரியாதையாலதான் சார் லோனே போச்சு. மிஷின் எங்கன்னு கேக்குறாரு. நான் இன்னாத்த காட்டுறது, என் காலையா?"

"சரி, டான்ஸுன்னே வெச்சுக்கோ. ட்ரூப்காரர் பேங்க்ல போட்டது மட்டுந்தான் கணக்குல வருது. மேடையில குத்துறாங்களே நோட்டு, அதுக்கு இன்னா சாட்சி இருக்குது?"

சாட்சியா இல்லை? நாங்கள் ஆடும்போது யாராவது மேடையேறி, ரூபாய் நோட்டை ஊக்கில் கோத்துத் துணியில் குத்திவிடுவார்கள். உடனே மைக் பிடிக்கிற பச்சமுத்து பாட்டை நிறுத்தி, கொடுத்தவர் பேரையும் ஊரையும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் சண்டையே வந்துவிடும். வெட்கப்படுகிற ஆள்கள் மட்டும் வேறு யார் பேரையாவது கொடுத்துவிட்டு நழுவிவிடுவார்கள். விளக்கு கண்ணைக் கூசுவதால் யார் முகமும் எனக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் ட்ரூப் பையன்கள் செல்போனில் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

சீயமங்கலம் பக்கம் ஆடிய வீடியோவை ஓடவிட்டேன். பச்சமுத்துவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அண்ணன் முருகையன் அவர்கள் அன்பளிப்பு நூறு ரூபாய்! அடுத்து, செஞ்சி ஆண்டாள் அவர்கள் அன்பளிப்பு ஐநூறு ரூபாய்! நம்ம ஆடிட்டர் சார் வீட்டம்மா! அம்மாவுக்கு ஒரு விசில் அடிங்கப்பா!"

வீடியோவில் விசில் பறந்தது. ஆபீஸில் பிரிண்டர்கூட நின்றுபோனது. பச்சமுத்துவுக்கு வாயில் பூட்டே கிடையாது. பேரை மாற்றிக் கொடுத்தாலும் ஆளைப் பார்த்தால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

"நான் எப்பங்க டான்ஸு பாக்க வந்தேன்?" என்றார் ஆண்டாள் அக்கா. "அன்னிக்கு மலையனூர் அம்மன் ஊஞ்சல் பாக்கப் போறேன்னுதான சொன்னீங்க?"

"மலையனூர் பஸ்ல ஒரே கூட்டம்... சரின்னு அந்தப் பக்கமா..." கோதண்டராமன் மேசையிலிருந்த பேனாக்களை எல்லாம் அடுக்கத் தொடங்கினார். மண்டிக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. புருஷன் பெண்டாட்டிச் சண்டையில் என்னை வெளியே போ என்று சொல்லிவிட்டால்? இன்றைக்கு விட்டால் கணக்கும் போச்சு, வண்டியும் போச்சு. பாழாய்ப்போன வீடியோவை ஏன் காட்டினேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஆண்டாள் அக்கா நேராக வந்து கணவரின் நாற்காலியைப் பிடித்தார்.

"என்னை ஒரு வார்த்த கேக்காம என் பேரை மைக்குல சொல்லுவீங்க. அதுல மரியாத போவல. இந்தப் பொண்ணு வாயைத் தொறந்து கேக்குது, அது தொழில எழுதுனா மட்டும் போயிடுதா? எழுந்திருங்க."

எழுந்துவிட்டார். அக்கா உட்கார்ந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டார். "தொழிலு இன்னாம்மா?"

"டான்ஸு, அக்கா." நானும் சத்தமாகவே சொன்னேன். அதைச் சொல்லும்போது ஏன் கண் கலங்கியது என்று தெரியவில்லை. மேடையில் ஆயிரம் பேர் முன்னால் ஆடியிருக்கிறேன், ஒருநாளும் அப்படி ஆனதில்லை.

திரையில் தொழில் பட்டியலை இறக்கிக்கொண்டே போனார். தனிக் கலைஞர்கள் என்று ஒரு வரி இருந்தது. அதை அழுத்தினார். கோதண்டராமன் எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே நழுவினார்.

"அந்த வீடியோவ முதல்லேர்ந்து ஓட்டு. ஒண்ணுவிடாம ஏத்தணும்," என்றார் அக்கா. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீபோர்டை இழுத்தார். "மொதல்ல என் ஐநூறப் போட்டுக்கறேன்."