அம்புக்குறி இல்லாத பச்சை

என் கணவர் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். சர்க்கரை நோய் அவருடைய இரண்டு கண்களையும் பறித்துவிட்டு, இப்போது சிறுநீரகத்திலும் கை வைத்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இதுவரை எங்கள் காரில் கூட்டிப்போன கொழுந்தனாருக்கு வெளியூருக்கு மாற்றல் வந்தது. "அண்ணன் என்னோடவே வந்து இருக்கட்டும் அண்ணி. உங்களால வண்டி ஓட்டிச் சமாளிக்க முடியாது," என்றார். இவரும் தலையை ஆட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டின புருஷனைப் பார்சல் கட்டி அனுப்பவா நான் இருக்கிறேன்?

லைசென்ஸ் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டேன். இரண்டும் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலுள்ள அதே சந்திப்பில். அங்கே எதிரே வரும் வண்டிகளின் குறுக்கே கடந்து திரும்ப வேண்டும். முதல் முறை பச்சை விழுந்ததுமே திருப்பிவிட்டேன். தேர்வு அதிகாரி தன் பக்கத்துப் பிரேக்கை ஓங்கி மிதித்தார்.

"எதிர்ல நேரா வர்றவங்களுக்கும் அதே பச்சைதாம்மா. அவங்களை விட்டுட்டுத்தான் நீங்க திரும்பணும். அம்புக்குறி பச்சை விழுந்தாத்தான் வழி உங்களுக்கு மட்டும்."

சரி என்று இரண்டாம் முறை அம்புக்குறிக்காகக் கோட்டிலேயே காத்திருந்தேன். மூன்று பச்சை வந்து போயின. அந்த விளக்கில் அம்புக்குறியே கிடையாதாம்.

விட்டேனா? நான்கு நாள் காலையில் அந்தச் சந்திப்புக்குப் போய் ஓரமாக நின்று பார்த்தேன். விவரமானவர்கள் பச்சையில் நடுவரை நகர்ந்து, சக்கரத்தைத் திருப்பாமல் நேராக வைத்து நிற்கிறார்கள். இடைவெளி கிடைத்தால் திரும்புகிறார்கள். இல்லாவிட்டால் மஞ்சள் விழுந்து எதிர் வண்டிகள் நின்ற பிறகு திரும்புகிறார்கள். இவ்வளவுதான் சங்கதி. மூன்றாம் முறை தேறிவிட்டேன்.

இவர் மசியவில்லை. "என்னை வச்சு ஓட்டிக் காட்டு. அந்தச் சந்திப்புல தடுமாறினே, நாளைக்கே தம்பியோட கிளம்பிடுவேன்," என்றார். பெட்டியும் கட்டியாகிவிட்டது.

மறுநாள் காலை அவரைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்துப் புறப்பட்டேன். சந்திப்பில் பச்சை விழுந்தது. நடுவரை நகர்ந்து நின்றேன். எதிரே ஒரு லாரி உறுமிக்கொண்டு கடந்தது. எதிர்ப்பக்கம் திரும்பக் காத்திருந்த ஒரு வேன், பின்னால் வருவதை மறைத்துக்கொண்டு நின்றது. இவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

"லாரி போயிடுச்சு. வேற ஒண்ணும் வரல. திருப்பு."

"இருங்க."

"முப்பது வருஷம் ஓட்டினவன் சொல்றேன். திருப்பு."

பின்னாலிருந்தவன் ஹாரனிலேயே கையை வைத்திருந்தான். ஒரு கணம், திருப்பித் தொலைத்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் அந்த வேனின் மறைவில் என்ன இருக்கிறது என்று நான் இன்னும் பார்க்கவில்லை.

"பார்க்கிறது நான். நீங்க வாயை மூடிக்கிட்டு உக்காருங்க."

கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. சொன்ன வாய் மூடுவதற்குள், வேனுக்குப் பின்னாலிருந்து ஒரு மின்சார பஸ் வந்தது. துளிச் சத்தமில்லை. எங்கள் முன்பக்கத்தை ஒட்டி அது கடந்தபோது அடித்த காற்றில் கார் ஆடியது. மஞ்சள் விழுந்தது. எதிரே எல்லோரும் நின்றார்கள். சாலையைக் கடப்பவர் யாருமில்லை என்று பார்த்துவிட்டுத் திருப்பினேன்.

"என்னது அது?" என்றார்.

"பஸ்ஸுங்க. கரண்டுல ஓடுறது."

"நான் திருப்புன்னு சொன்னேனே," என்றார் பிறகு. அவர் குரல் உடைந்து அதுவரை நான் கேட்டதேயில்லை.

"நான்தான் திருப்பலையே. விடுங்க."

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தியபோது கொழுந்தனார் போனில் அழைத்தார். எத்தனை மணிக்கு வந்து அண்ணனை ஏற்றிக்கொள்ளட்டும் என்று கேட்டார். இவர் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீ கிளம்புடா தம்பி," என்றார். "எனக்கு டிரைவர் இருக்காங்க."