தேங்காய்ப்பால் சந்தகை

ராயபுரத்தில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே மயிலாளும் அவள் கணவன் மாரப்பனும் ஒரு சாப்பாட்டு மெஸ் நடத்தினார்கள். அடுப்பு அவளுடையது. சந்தைக்குப் போவதும் இலை போட்டுப் பரிமாறுவதும் அவனுடையது. மிளகாயை வறுத்து அம்மியில் அரைத்து அவள் வைக்கும் கோழிக் குழம்புக்காகவே வீரபாண்டிப் பக்கமிருந்துகூட ஆட்கள் சைக்கிள் மிதித்து வந்தார்கள்.

அறுபத்து நாலாம் வருடம் ஆடியில் அவளுக்கு வயிற்றெரிச்சல் தொடங்கியது. வெந்தயத்தை விழுங்கிப் பார்த்தாள், மோரைக் குடித்துப் பார்த்தாள், கேட்கவில்லை. கோயமுத்தூரில் டாக்டர் பார்த்துவிட்டு வயிற்றில் புண் என்றார். காரம், புளி, எண்ணெய்ப் பலகாரம், காப்பி எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். பாலும் குழைந்த சோறும் வேகவைத்த சுரைக்காயும் சாப்பிடலாமாம்.

மெஸ்ஸை மூட முடியாது. ஆகவே அவள் தினமும் குழம்பு வைத்தாள், ருசி மட்டும் பார்க்கவில்லை. ஒரு கரண்டியை மாரப்பனிடம் நீட்டி எப்படி இருக்கிறது என்று கேட்பாள். அவன் எல்லாவற்றுக்கும் நல்லாருக்குது என்பான். உப்பு கூடியதா, புளி தூக்கலா என்று அவளே மணத்தை வைத்து ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. எல்லோரும் போன பிறகு பால்சோற்றைப் பிசைந்து, மருந்து குடிப்பதுபோல் விழுங்குவாள். பசித்தது, ஆனால் சாப்பிடத் தோன்றவில்லை. ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவியது.

ஐப்பசியில் ஒரு மழை நாள். கொள்ளு ரசத்துக்குத் தாளித்த மணம் அவளை அசைத்துவிட்டது. மாரப்பன் கடைவீதிக்குப் போயிருந்தான். ஒரு தம்ளர் ரசத்தைச் சூடாகக் குடித்தாள். பூண்டும் மிளகாயும் நாக்கில் பட்டதும் அவளுக்கு அழுகை வந்தது. இன்னொரு தம்ளரும் குடித்தாள். சாயங்காலம் சுருண்டு விழுந்தவளை வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

வீடு திரும்பிய அன்று மாரப்பன் கோபப்படவில்லை. கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தான்.

"உனக்கு என்ன திங்கோணும்னு ஆசை, மயிலா? காரமில்லாதது ஏதாச்சும் சொல்லு."

"காரமில்லாததுல ஆசைன்னு என்ன இருக்குதுங்க" என்றாள் அவள். பிறகு சுவரைப் பார்த்தபடி, கல்யாணமான புதுசில் மாமியார் வீட்டில் தீபாவளிக்கு அரிசிமாவை நூல் நூலாகச் சந்தகை பிழிந்ததைச் சொன்னாள். தேங்காய்ப்பாலில் நாட்டுச் சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு ஊற்றித் தின்றார்களே, அதில் காரம் ஏது, புளி ஏது.

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. அடுத்த முறை மருந்து வாங்கப் போனபோது டாக்டரிடம் விசாரித்தான். அளவாகச் சாப்பிட்டுப் பார்க்கட்டும், ஒத்துக்கொண்டால் சரி என்றார் அவர். சோமனூரில் இருந்த தன் அக்காவிடம் போய்ப் சந்தகை பிழியும் பழைய அச்சுப் பலகையைச் சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அரிசியை அவனே ஆட்டுரலில் ஆட்டினான். மாவு கொரகொரவென்று இருந்தது. மயிலாள் மணையில் உட்கார்ந்து, இன்னும் ஆட்டுங்க, இன்னும் ஆட்டுங்க என்றாள். வெந்த மாவைச் சூடாகப் பலகையில் வைத்து, அதன் பிடியில் தொங்கி அழுத்தினான். முதல் தடவை இழை வரவில்லை, மாவு பக்கவாட்டில் பிதுங்கி அவன் வேட்டியில் விழுந்தது. வெகுநாளைக்குப் பிறகு மயிலாள் சிரித்தாள். அடுத்ததில் வெள்ளை நூல் கண்டுபோலச் சுருள் சுருளாக இலையில் இறங்கியது.

தேங்காய்ப்பாலை ஊற்றி ஒரு வாய் வைத்தாள். ஏலக்காய் மணம் தொண்டைவரை போனது. மென்று, நிதானமாக விழுங்கி, வயிற்றில் கையை வைத்துக் காத்திருந்தாள். வலி வரவில்லை. இன்னொரு சுருள் போடச் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஞாயிறு காலையில் மெஸ்ஸிலும் சந்தகை போட்டார்கள். கம்பெனி ஆட்களுக்குக் கோழிக் குழம்போடு, அவளுக்குத் தேங்காய்ப்பாலோடு. இப்போது அவள் கடைசி ஆளாக இல்லாமல் அவர்களோடு பந்தியிலேயே உட்கார்ந்தாள். பக்கத்து இலையில் மாரப்பன் குழம்பை ஊற்றிப் பிசைந்தான்.

"இன்னைக்கு எப்படி இருக்குதுங்க?"

அவன் நல்லாருக்குது என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய் சாப்பிட்டான்.

"மொதல்ல மல்லி வாசம் வருது. அப்புறந்தான் காரம், அதும் நாக்குல இல்ல, தொண்டையில. எலும்போரத்துல கொஞ்சம் இனிக்குது."

மயிலாள் கேட்டுக்கொண்டே எச்சிலை விழுங்கினாள். பிறகு தன் இலையில் இன்னும் கொஞ்சம் தேங்காய்ப்பாலை ஊற்றிக்கொண்டு, மேலே சொல்லச் சொன்னாள்.