ஏழு டிகிரிக்குக் கீழே

நாற்பத்தொன்பது வயதில் ஒரு பெண் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்த நாலு பேரையும் கேட்காமலேயே வாங்கிவிட்டேன். இரண்டே இருக்கை. அடர் சிவப்பு. ஆறு வருடம் ஒரு பல் டாக்டர் ஓட்டிய வண்டி. உள்ளே போக முதலில் குனிய வேண்டும், பிறகு சாய வேண்டும், கடைசியில் காலை இழுத்துக்கொள்ள வேண்டும். என் கணவர் ஒருமுறை முயன்று பார்த்துவிட்டு, "இதுல ஏறுறதை விட இதை எடுத்து மாட்டிக்கலாம் போலிருக்கு" என்றார்.

எங்கள் வீட்டுக்கு ஒரு வண்டி நிறுத்தத்தான் இடம். பழைய நான்கு கதவு வண்டியைக் கொடுத்துவிட்டுத்தான் இதைக் கொண்டுவந்தேன். அவருக்குக் கவலையில்லை, பள்ளி நூலகர், நடந்தே போய்விடுவார். எனக்குத்தான் தினமும் எங்கள் தெருவின் மேட்டில் ஏறி, ஊரின் மறுபக்கம் பதினெட்டு கிலோமீட்டர் போக வேண்டும்.

"ஒரு வருஷம் பார்ப்போம்" என்றார் அவர். "மழையோ குளிரோ, இது உன்னை வேலைக்குக் கொண்டுபோய் விடணும். ஒரே ஒரு நாள், ரோடு சரியில்லைன்னு இதை வீட்ல விட்டுட்டு நீ பஸ் ஏறினாலும் வித்துடணும். சம்மதமா?"

"சம்மதம்" என்றேன். யோசித்துப் பேசுகிற வழக்கம் எனக்குக் கிடையாது.

சோபாவில் சாய்ந்திருந்த கொழுந்தன் உடனே நிமிர்ந்தான். "வித்தா எனக்குத்தான். வெளியாளுக்குக் கொடுக்கக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்."

கொழுந்தன் மருந்துக்கடை வைத்திருக்கிறான். அவனிடம் ஏற்கெனவே வெள்ளி நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் உண்டு. ஊரில் இப்படிப்பட்ட வண்டிக்காரர்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்துக்குச் செயலாளரும் அவன்தான். என் வண்டி அவனுடையதை விட இரண்டு வருடம் புதியது, அதுதான் அவன் கண்ணை உறுத்தியது. அன்றிலிருந்து வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் முதல் கேள்வி, "என் வண்டி எப்படி இருக்கு அண்ணி?"

சமையலறைச் சுவரில் ஒரு காலண்டர் மாட்டினார் கணவர். நான் வண்டியில் போய்த் திரும்பிய ஒவ்வொரு நாளுக்கும் ஒரு டிக். மனிதர் புத்தகங்களோடு பழகியவர், டிக் கூட அச்சடித்த மாதிரி இருக்கும்.

வண்டியோடு வந்த நான்கு டயரும் மொட்டை. டயர் கடைக்காரர் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் பளபளவென்று ஒரு சம்மர் டயரை உருட்டிக்கொண்டு வந்தார்.

"இந்த வண்டிக்கு இதுதாம்மா. வளைவுல பசை போட்ட மாதிரி ஒட்டும்."

"குளிர்ல?"

"குளிர்ல யாரும்மா இதை வெளியில எடுப்பா? மூடி வச்சிட்டு வேற வண்டியில போவாங்க."

"எங்கிட்ட வேற வண்டி இல்லை. எல்லாக் காலத்துக்கும் ஆகுற ஆல் சீசன் காட்டுங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "பந்தயக் குதிரைக்கு வண்டிமாட்டு லாடம் அடிக்கச் சொல்றீங்களே!"

வேறு யாராவது இருந்தால் அந்த இடத்தில் கூச்சப்பட்டுத் தலையாட்டியிருப்பார்கள். எனக்கு ரப்பரைப் பற்றி யாரும் பாடம் எடுக்க முடியாது. ஃபிரிட்ஜ் கதவின் ஓரத்தில் காற்றுப் புகாமல் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் பட்டை இருக்கிறதே, அதைச் செய்யும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகப் பரிசோதனை செய்பவள் நான். என் கைப்பையில் எப்போதும் ஒரு கேஜ் இருக்கும். கைக்கடிகாரம் அளவு, அடியில் சின்ன ஊசி. ரப்பரில் அழுத்தினால் அது எவ்வளவு கெட்டி என்று முள் காட்டும். எண் கூடினால் கெட்டி, குறைந்தால் மிருது. கண்ணில் பட்டதையெல்லாம் அழுத்திப் பார்ப்பது என் கெட்ட பழக்கம். கணவரின் செருப்பு, பென்சில் அழிப்பான், ஒருமுறை கொழுந்தன் வாங்கி வந்த கேக். கேக்கை அளந்தது உண்மை. அது கொஞ்சம் கெட்டிதான்.

கடைக்காரரிடம் இரண்டு வகையிலும் கழித்துப்போட்ட டயரிலிருந்து ஒரு துண்டு வெட்டித் தரச் சொன்னேன். முனகிக்கொண்டே தந்தார். அடுத்த நாள் தொழிற்சாலையில் இரண்டையும் அளந்தேன். சம்மர் அறுபத்தாறு, ஆல் சீசன் அறுபத்துமூன்று. பெரிய வித்தியாசமில்லை. பிறகு இரண்டையும் குளிர்பெட்டியில் மூன்று டிகிரியில் ஒரு இரவு வைத்தேன். காலையில் சம்மர் எழுபத்தேழு. ஆல் சீசன் அறுபத்தேழு. ஏழு டிகிரிக்குக் கீழே போனால் ஒன்று டயராகவே இருக்கிறது, மற்றொன்று மரக்கட்டையாகப் பார்க்கிறது. நான்கு ஆல் சீசன் டயரையும் அன்று சாயங்காலமே போட்டாயிற்று.

கொழுந்தன் தலையில் கை வைத்துக்கொண்டான். "என் வண்டியை இப்படிக் கெடுக்கிறீங்களே அண்ணி! நாளைக்கு நான் இதையெல்லாம் கழட்டிப் போடணும்!"

கோடையில் நான் நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொண்டேன். சங்கத்தார் ஒரு பழைய விமான ஓடுதளத்தில் வருடாவருடம் வண்டிகளை ஓட்டிப் பார்ப்பார்கள். தார் உருகுகிற வெயில். கொழுந்தனின் வண்டி வளைவில் கோடு கிழித்த மாதிரி திரும்பியது. என்னுடையது வாயைக் கோணிக்கொண்டு வெளியே இழுத்தது. பிரேக் போட்டால் இரண்டு வண்டி நீளம் தள்ளிப் போய்த்தான் நின்றது. ஒரு பிளாஸ்டிக் கூம்பை இடித்து, அது அடியில் மாட்டி, அதை இழுத்துக்கொண்டே ஒரு சுற்று வந்தேன். கொழுந்தனை விட ஆறு நொடி பின்னால். வெயிலில் அவன் டயர்தான் உசத்தி. அதை மறுத்தால் நான் பரிசோதனைக்கூடத்தில் உட்கார லாயக்கில்லாதவள். ஆனால் அந்தக் கூம்பைக் கொண்டுவந்து என் பிறந்தநாளுக்கு ரிப்பன் கட்டிக் கொடுத்தான் பாருங்கள், அது எனக்கு நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

குளிர் வந்தது. டிக்குகள் காலண்டரின் கடைசித் தாளுக்கு வந்தன. ஒருநாள் கொழுந்தன் என் கேஜை இரவல் வாங்கிப் போனான். மறுநாள் கையை உயர்த்திக்கொண்டே வந்தான்.

"அறுபத்தாறு! நடுக்குளிர்ல, என் சம்மர் டயர் அதே அறுபத்தாறு! கெட்டியாகும்னு சொன்னீங்களே, எங்க ஆச்சு?"

"எங்க வச்சு அளந்தே?"

"வண்டி நிக்கிற இடத்துலதான்."

அவன் வண்டி நிற்பது அடுக்குமாடியின் நிலவறையில். மேலே முழுக்க வெந்நீர்க் குழாய்கள் ஓடுகின்றன. அங்கே மேல்சட்டை இல்லாமல் தூங்கலாம். "வெளியில ஒரு மணி நேரம் நிறுத்திட்டு அளந்து பாருடா தம்பி" என்றேன். அதற்குள் அவன், "அண்ணி தோத்துட்டாங்க, அண்ணி தோத்துட்டாங்க" என்று சின்னப் பிள்ளை மாதிரி கூடத்தைச் சுற்றி வந்தான். என் கணவரும் சிரித்தார். நான் கேஜை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

இன்னும் பதினோரு நாள் பாக்கி. அன்று காலை ஆறரைக்கு வாசல் மணி அடித்தது. கொழுந்தன், கழுத்தில் மஃப்ளர், முகமெல்லாம் பல். அவனுக்குப் பின்னால் வானமே சாம்பல் நிறத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. மழையும் பனியும் கலந்த சகதி, தெருவில் அரை விரல் உயரம்.

"பஸ் எட்டரைக்குத்தான் வருமாம் அண்ணி. டீ போடுங்க. என் வண்டியைக் கையோட கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"உன் வண்டி வந்துதா?"

"ஜம்முனு வந்தது. மேட்டுல இறங்கும்போது கொஞ்சம்கூட ஆடலை."

ஆடாது. நிலவறையின் கதகதப்பு இன்னும் டயருக்குள் இருந்திருக்கும். அவன் வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டு எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் டீ குடித்தான். காலண்டரைப் பார்ப்பான், ஜன்னலைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான். ஜன்னலுக்கு வெளியே தெர்மாமீட்டர் ஒரு டிகிரி காட்டியது. எனக்கு உள்ளுக்குள் பயம் இல்லாமல் இல்லை. பெட்டிக்குள் வைத்த துண்டு வேறு, சகதியில் ஏறும் வண்டி வேறு. பின்சக்கரம்தான் இழுக்கும் வண்டி, எடையும் இல்லை. இன்று ஏறாவிட்டால் இத்தனை மாத டிக்குக்கும் மதிப்பில்லை. என் சிவப்பு வண்டி போய்விடும்.

ஏழரைக்கு எழுந்தேன். கணவர் என் கோட்டை எடுத்துக் கொடுத்தார். கொழுந்தன் சாவியைச் சுழற்றினான். "நான் முன்னாடி போறேன் அண்ணி. எட்டு மணிக்குக் கடை திறக்கணும். மேட்டு மேல நின்னு உங்களைப் பார்த்துட்டுப் போறேன்."

எங்கள் தெரு நேராகத் தொடங்கி ரொட்டிக்கடையைத் தாண்டியதும் மலையேறுகிற மாதிரி நிமிரும். கொழுந்தனின் வண்டி சமதரையில் உறுமிக்கொண்டு போனது. மேட்டில் பாதி ஏறியது. அங்கே பின்பக்கம் ஒரு தரம் இடுப்பை ஆட்டியது. அவன் வேகத்தைக் கூட்டினான். சக்கரம் சுற்றியது, சகதி பறந்தது, வண்டி மட்டும் போகவில்லை. பிறகு மெதுவாக, மரியாதையாக, பின்னாலேயே வழுக்கிக்கொண்டு வந்து ரொட்டிக்கடைக்கு மேலே நடைபாதை ஓரத்தில் குறுக்காக மோதி நின்றது.

நான் இரண்டாவது கியரில், முட்டையை மிதிப்பது போல் மிதித்து, பின்னால் வந்துகொண்டிருந்தேன். வண்டி ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. அவன் வண்டிக்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவில் நான் போக இடமிருந்தது. கொழுந்தன் கதவைத் திறந்து இறங்கி, கால் வழுக்கி, முகம் குப்புற விழுந்து எழுந்தான். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். அவனுக்கு மீசை முழுக்க ஒட்டியிருந்தது.

அந்த நிலையிலும் அவன் கத்தியது என்ன தெரியுமா? "நிக்காதீங்க அண்ணி! நின்னா திரும்ப எடுக்க முடியாது! போயிடுங்க, போயிடுங்க!"

நான் நின்றுவிட்டால் வண்டி அவனுக்கு. அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் போகச் சொன்னான். ஒரு வருடமாக அவன் மேல் வைத்திருந்த கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே கரைந்துவிட்டது. மீதிப் பாதிக்காக நான் பிரேக்கை மிதித்தேன். அதோடு, மருந்துக்கடை திறக்காவிட்டால் இந்தக் குளிரில் வாசலில் நிற்பது அவனல்ல, நோயாளிகள்.

வண்டி நின்றது. ஒரு அங்குலம் கூடப் பின்வாங்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, பையிலிருந்து கேஜை எடுத்துக்கொண்டு இறங்கினேன். சகதியில் குத்துக்காலிட்டு அவன் டயரைத் துடைத்து அழுத்தினேன். ரொட்டிக்கடைக்காரர் வாசலில் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்.

"படி" என்றேன்.

கொழுந்தன் குனிந்தான். "எழுபத்தெட்டு."

என் டயரில் அழுத்தினேன். "இது?"

"அறுபத்தெட்டு." கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். "அன்னைக்கு என்னுது அறுபத்தாறு காட்டுச்சே..."

"அன்னைக்கு உன் டயர் போர்வைக்குள்ள இருந்துச்சு. ஏறு, கடைக்கு நேரமாச்சு."

"அண்ணி, இந்த மேட்டுல, ரெண்டு பேர் எடையோட, நின்ன இடத்துலேருந்து..."

"ஏறுடான்னா!"

அவன் குனிந்து, சாய்ந்து, காலை இழுத்துக்கொண்டான். கீழே எங்கள் வீட்டு வாசலில் கணவர் செருப்போடு சகதியில் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். கை கூப்பவில்லை, அவ்வளவுதான். நான் ஹேண்ட் பிரேக்கை விட்டேன். கிளட்சை நூல் நூலாக விட்டேன். பின்சக்கரம் அரைச் சுற்று வீணாகச் சுற்றியது. கொழுந்தன் கதவுப் பிடியை இறுக்கினான். அடுத்த அரைச் சுற்றில் ரப்பர் தரையைக் கவ்வியது. என் கால் வழியாக, இடுப்பு வழியாக அது எனக்குத் தெரிந்தது. வண்டி நகர்ந்தது. ரொட்டிக்கடைக்காரர் கை தட்டினார். விளக்குக் கம்பம் பின்னால் போனது, தபால் பெட்டி பின்னால் போனது, மேட்டு முனை வந்தது, அதற்கப்பால் பெரிய சாலை.

நான் கத்தினேன். வார்த்தையெல்லாம் இல்லை, வெறும் கத்தல். நாற்பத்தொன்பது வயதில் இப்படிக் கத்த முடியும் என்று எனக்கே தெரியாது. கீழே என் கணவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கியிருந்தார், ஒரு செருப்பு கையில் இருந்தது.

பெரிய சாலையில் திரும்பிய பிறகு கொழுந்தன் மஃப்ளரால் மீசையைத் துடைத்தான். நான் அவன் மடியில் போட்டிருந்த கேஜைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இலவு காத்த கிளியைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் முதலில் அவன் பேசட்டும் என்று இருந்தேன்.

மருந்துக்கடை வாசலில் குடையோடு மூன்று பேர் காத்திருந்தார்கள். எட்டு மணிக்கு மூன்று நிமிடம் இருந்தது. கொழுந்தன் இறங்கி, கதவைச் சாத்தாமல், குனிந்து உள்ளே பார்த்தான்.

"அண்ணி, உங்க வண்டி நல்லா ஏறுது."

ஒரு வருடமாக அவன் வாயில் அது 'என் வண்டி'.

"என்ன சொன்னே? இன்ஜின் சத்தத்துல கேக்கலை" என்றேன்.

குடைக்காரர்கள் மூன்று பேரும் திரும்பிப் பார்க்கும்படி அவன் உரக்கச் சொன்னான்: "உங்க வண்டி அண்ணி! உங்க வண்டி!"