பாதிக் கூரை

1.

ஒரு பிள்ளையின் ஓராண்டுப் படிப்புக்கு அரசாங்க விலை நானூறு. நாட்டில் பொருளாதார மந்தம் வந்த பிறகு, இருநூறு.

இந்தக் கதை ஒரு கல்வி அலுவலக வராந்தாவில், கையெழுத்துக்காகக் காத்திருந்தபோது எனக்கு இலவசமாகக் கிடைத்தது. இலவசம் என்பதால் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் எடுத்தேன்.

2.

மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலை, ஒரு பள்ளித் தலைமையாசிரியை…

(வேண்டாம். மழை வந்தால் கதை முடிந்துவிடும். கூரை இன்னும் போடவில்லை.)

வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மானியப் பிரிவு எழுத்தர் துணிக்கடைக்காரர் மகன். சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதில்லை. பள்ளிகள் கேட்பதில் பாதியை வெட்டுவது அந்த அலுவலகத்தின் பழக்கம். அது தெரிந்து எல்லாப் பள்ளியும் இரண்டு மடங்கு கேட்கும். வேலைக்குப் புதிதாக வந்த தலைமையாசிரியை மட்டும் கூரைக்கு அறுபதாயிரம் ஆகும் என்று அறுபதாயிரமே கேட்டுவிட்டார். ஒதுக்கியது முப்பது.

"அறுபது வேணும்னா அறுபதேவா மேடம் கேப்பாங்க?"

"வேற எவ்வளவு சார் கேப்பாங்க?"

"நூத்திருபது. அடுத்த வருஷம் அப்படிப் போடுங்க."

"நானும் போட ஆரம்பிச்சா மத்தவங்க இருநூத்தி நாப்பது போடுவாங்களே?"

கடைக்காரர் மகனுக்கு இது தோன்றியிருக்கவில்லை.

(இவ்வளவு நேர்மை கதைக்கு ஆகாது என்று தலைமையாசிரியைக்குக் கொஞ்சம் கோபம் கொடுத்தேன்.)

"சரி, எந்தப் பாதிக்குக் கூரை போடட்டும்? அதையும் நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க. நனையற பக்கம் யார் யாரு உக்காரணும்னு பேரோட!"

3.

மொத்தப் பணமும் பங்கு பிரித்தாகிவிட்டது. தலைமையாசிரியைக்கு மீதியைக் கொடுக்க வேண்டுமானால் யாரிடமிருந்தாவது பிடுங்க வேண்டும். எழுத்தர் தன் மச்சானுக்குப் போன் போட்டார். மச்சானும் தலைமையாசிரியர்தான், நூற்றிருபது கேட்டு அறுபது ஒதுக்கீடு வாங்கியவர்.

"மச்சான், ஒரு முப்பது விட்டுக்கொடுக்க முடியுமா?"

"மாப்ள, பொண்ணுங்களுக்குக் கழிப்பறை கட்டப்போறேன். அறுபதுதான் ஆகும். பாதிக் கழிப்பறைய வச்சு என்னடா செய்ய? உன் அக்கா கிட்டயே கேட்டுச் சொல்லு."

(மச்சானைத் திருடனாக்கியிருந்தால் கதை சுலபமாக முடிந்திருக்கும். இரண்டு முறை முயன்றேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை.)

4.

முடிவு ஒன்று: எழுத்தர் இரவோடு இரவாகத் தொகையைத் திருத்தி…

(மாட்டினால் ஓய்வூதியம் போய்விடும். செய்ய மாட்டார்.)

முடிவு இரண்டு: இருவருக்கும் நாற்பத்தைந்து. முக்கால் கூரை, முக்கால் கழிப்பறை. நியாயம், ஆனால் கழிப்பறைக்குக் கதவு இருக்காது.

முடிவு மூன்று உங்களுடையது. உத்தரவு இன்னும் அதிகாரியின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. தலைமையாசிரியை வராந்தா பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. கணக்கு இதுதான்:

கழிப்பறை: தேவை அறுபது, வரவு அறுபது.
கூரை: தேவை அறுபது, வரவு முப்பது.
கஜானா இருப்பு: இல்லை.
உள்ளதைச் சொன்ன வகையில் நஷ்டம்: முப்பது. யார் பற்றுக் கணக்கில் எழுதுவது?